ஆறாம் படிவக் கல்லூரியில் மாணவர் நலத் தலைமைப் பணிக்கு விண்ணப்பித்தல்

ஆறாம் படிவக் கல்லூரியின் மாணவர் நலத் தலைமைப் பணி என்பது, இங்கிலாந்தில் பெரும்பாலும் 16 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்கள் பயிலும் கல்லூரிகளில், பாடம் கற்பித்தலுக்கு அப்பால் அவர்களின் பாதுகாப்பு, வருகை, மனநலம், ஒழுக்கம், மேற்படிப்பு வழிகாட்டல் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் நிர்வாகப் பணியாகும். ஆண்டுத் தலைவர், முதுநிலை வழிகாட்டி ஆசிரியர், மாணவர் சேவை இயக்குநர், உதவி முதல்வர் எனக் கல்லூரிக்குக் கல்லூரி இப்பதவியின் பெயர் வேறுபடும்.

இப்பணிக்கான விண்ணப்ப முறை பிற அலுவலகப் பணிகளுக்கு உள்ளதைவிடக் கண்டிப்பானது. விண்ணப்பதாரரின் திறமையை மட்டும் அது அளப்பதில்லை. அவரிடம் இளையோரை நம்பி ஒப்படைக்கலாமா என்பதையும் சேர்த்தே சோதிக்கிறது. எனவே இப்பணியின் தன்மையையும், ஆட்சேர்ப்பு விதிகள் உருவான காரணத்தையும் அறிந்தவரே நல்ல விண்ணப்பத்தை எழுத முடியும்.

ஆறாம் படிவக் கல்லூரி

பழைய ஆங்கிலப் பள்ளிகளில் வகுப்புகள் 'படிவம்' எனப்பட்டன. அவற்றுள் உச்ச வகுப்பு ஆறாம் படிவம் ஆகும். பின்னர் வகுப்புகளை ஆண்டு எண்ணால் அழைக்கும் வழக்கம் வந்தபோதும், 12, 13ஆம் ஆண்டுகளுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. மலேசியாவிலும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு இன்றும் ஆறாம் படிவம் என்றே அழைக்கப்படுகிறது. வயதளவில் இது தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளுக்கும், இலங்கையின் உயர்தர வகுப்புக்கும் ஏறத்தாழ இணையானது.

இங்கிலாந்தில் ஆறாம் படிவம் இரு வகையாக நடைபெறுகிறது. ஒன்று, 11 வயது முதல் மாணவர்கள் பயிலும் பள்ளியின் மேல் வகுப்பாக அமைவது. மற்றொன்று, 16 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே இயங்கும் தனிக் கல்லூரி. இவ்வகைக் கல்லூரிகளுள் முதலாவதாக 1966இல் தொடங்கப்பட்ட லூட்டன் கல்லூரி குறிப்பிடப்படுகிறது. 1992ஆம் ஆண்டின் மேற்கல்வி மற்றும் உயர்கல்விச் சட்டத்தின்படி, 1993 ஏப்ரல் 1 முதல் ஆறாம் படிவக் கல்லூரிகள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பிலிருந்து விலகித் தனி நிறுவனங்களாயின. அண்மை ஆண்டுகளில் இவற்றுள் பல 16–19 அகாடமிகளாக மாறியுள்ளன. ஆகவே பணியமர்த்துபவர் தனிக் கல்லூரியா, பல நிறுவனங்களை நடத்தும் அறக்கட்டளையா என்பதை விண்ணப்பதாரர் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் பெரும்பாலும் ஏ லெவல் பாடங்களையோ தொழில்சார் தகுதிகளையோ படிக்கின்றனர். ஏ லெவல் எடுப்போர் வழக்கமாக மூன்று பாடங்கள் படிப்பர். 10ஆம் வகுப்பு நிலைக்கு நிகரான ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4ஆம் தரம் பெறாதவர்கள் அப்பாடத்தை இங்கும் தொடர வேண்டும்.

சொல்லும் வரலாறும்

மாணவர் நலப் பணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பாஸ்ட்டரல்', மேய்ப்பரைச் சுட்டும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தேவாலயப் போதகரைப் பாஸ்டர் என்று அழைப்பதும் இதே வேரிலிருந்துதான். கல்வித் துறையில் இச்சொல்லுக்கு இன்று சமயப் பொருள் இல்லை. எனினும், மந்தையில் ஒன்று குறைந்தாலும் அறிய வேண்டியவர் மேய்ப்பர் என்ற பழைய கருத்து பணியின் உள்ளே தங்கியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் உறைவிடப் பள்ளிகளில் விடுதித் தலைவரே மாணவரின் நலனுக்குப் பொறுப்பாக இருந்தார். ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக 1828 முதல் 1842 வரை பணியாற்றிய தாமஸ் ஆர்னால்டு, ஆறாம் படிவ மாணவர்களிடமே இளையோரைக் கண்காணிக்கும் பொறுப்பை அளித்தார். 1960களிலும் 70களிலும் பெரிய பொதுப் பள்ளிகள் பெருகியபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நடுவே ஒருவர் கவனிக்கப்படாமல் போகக்கூடும் என்ற கவலை எழுந்தது. மைக்கேல் மார்லண்ட் 1974இல் வெளியிட்ட மாணவர் நலம் பற்றிய நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. 1982இல் இதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்றும் அமைந்தது.

பணியின் தன்மை

இப்பணியில் பொதுவாகப் பின்வரும் பொறுப்புகள் அடங்கும்:

- வழிகாட்டி ஆசிரியர் குழுவை நடத்துதல், அவர்களுக்குப் பயிற்சி அளித்தல்
- வருகையையும் படிப்பு முன்னேற்றத்தையும் கண்காணித்தல்
- குழந்தைப் பாதுகாப்புக் குழுவுடன் இணைந்து செயல்படுதல்
- மனநலச் சேவை, சமூகப் பணித் துறை, காவல்துறை ஆகியவற்றுடன் தொடர்பு வைத்தல்
- நிதியுதவி தேவைப்படும் மாணவர்களை அடையாளம் காணுதல்
- பல்கலைக்கழகச் சேர்க்கை, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு வழிகாட்டுதல்
- ஒழுங்கு நடவடிக்கைகளை நேர்மையாக நடத்துதல்

இவற்றுள் பல, பள்ளிகளிலும் உள்ளவையே. ஆனால் மூன்று நிலைமைகள் ஆறாம் படிவக் கல்லூரிப் பணியை வேறுபடுத்துகின்றன.

முதலாவது, அறிமுகமின்மை. பள்ளியில் 16 வயது மாணவரை அங்குள்ளோர் ஐந்து ஆண்டுகளாக அறிந்திருப்பர். கல்லூரியிலோ செப்டம்பரில் வருபவர்கள் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். யார் வீட்டில் என்ன சிக்கல், யார் முன்பு மனச்சோர்வில் இருந்தார், யார் பெற்றோரைக் கவனித்துக்கொள்கிறார் என்பது முதல் நாளில் தெரியாது. பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகளில் கிளம்பியும் விடுவர். முந்தைய பள்ளியிலிருந்து பாதுகாப்புக் கோப்பு உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததா என்பது வெறும் எழுத்தர் வேலை போலத் தோன்றினும், ஒரு மாணவரின் பாதுகாப்பு அதைச் சார்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, வற்புறுத்த இயலாமை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, இங்கிலாந்தில் இளையோர் 18 வயது வரை ஏதேனும் ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்ற நிலை 2015 முதல் உள்ளது. ஆயினும் கட்டாயப் பள்ளி வயது 16உடன் முடிவதால், கல்லூரிக்கு வராத மாணவரின் பெற்றோருக்குப் பள்ளிகளில் விதிப்பது போல அபராதம் விதிக்க முடியாது. உரையாடல், நம்பிக்கை, உதவி ஆகியவையே இங்கு முதன்மையான கருவிகள். மிகவும் நலிந்த நிலையிலுள்ள மாணவருக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை வழங்கும் 16–19 உதவிநிதி அவ்வகை உதவிகளில் ஒன்றாகும்.

மூன்றாவது, சட்டப்படியான வயது எல்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரே வகுப்பில் சிலர் குழந்தைகளாகவும் சிலர் பெரியவர்களாகவும் இருப்பர். பெற்றோரிடம் எதைக் கூறலாம், மாணவரின் ஒப்புதலை எப்போது கேட்க வேண்டும் என்பவை பிறந்தநாளுக்குப் பின் மாறக்கூடும். அவருடைய துன்பம் மட்டும் அந்த நாளில் மாறுவதில்லை. மேலும், பாலுறவுக்கான ஒப்புதல் வயது 16 ஆக இருந்தாலும், கல்லூரி ஊழியர் தம் பொறுப்பிலுள்ள 18 வயது நிறையாத மாணவருடன் அத்தகைய உறவு கொள்வதை 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பைத் தவறாகப் பயன்படுத்தும் குற்றமாக வரையறுக்கிறது.

ஆட்சேர்ப்பு கண்டிப்பானதன் காரணம்

2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்சயரின் சோகம் என்ற ஊரில் 10 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் அவ்வூர் இடைநிலைப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர். அவர்மீது முன்பு வேறு பகுதியில் பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தும், அத்தகவல் அவரைப் பணியில் அமர்த்தியவர்களைச் சென்றடையவில்லை. இதனை ஆராய்ந்த பிச்சர்டு விசாரணை 2004இல் அறிக்கை அளித்தது. காவல்துறைத் தகவல் பரிமாற்றத்தைச் சீரமைப்பதோடு, பள்ளி நேர்காணல் குழுக்களில் பாதுகாப்பான ஆட்சேர்ப்பில் பயிற்சி பெற்றவர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

2006இல் நலிந்த நிலையிலுள்ளோரைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2012 டிசம்பரில், குற்றப் பதிவுகளைச் சரிபார்த்தலையும், பணியாற்றத் தடை விதிக்கப்பட்டோர் பட்டியலைப் பேணுதலையும் ஒருங்கே செய்யும் டி.பி.எஸ். என்ற அமைப்பு உருவானது. பள்ளிகளும் கல்லூரிகளும் பின்பற்ற வேண்டிய, குழந்தைப் பாதுகாப்புக்கான அரசின் சட்டபூர்வ வழிகாட்டுதல் இப்போது காலந்தோறும் திருத்தி வெளியிடப்படுகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய பதிப்பைப் படித்திருப்பது இப்பணிக்குக் குறைந்தபட்சத் தேவையாகும்.

எனவே விண்ணப்பத்தின் கண்டிப்பான கேள்விகள் எவரையும் அவமதிப்பதற்கானவை அல்ல. முன்பு ஒருவரும் கேட்காமல் விட்டதால் நேர்ந்த இழப்பின் பாடமாகவே அவை கேட்கப்படுகின்றன.

விளம்பரமும் காலமும்

இங்கிலாந்தின் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. பள்ளி ஆசிரியர்கள் ஆகஸ்டு இறுதியில் விலக வேண்டுமெனில், வழக்கமாக மே 31க்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதனால் செப்டம்பர்ப் பணிக்கான விளம்பரங்கள் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே மிகுதியாக வெளிவருகின்றன.

விளம்பரத்துடன் பணி விவரம், தகுதி விவரம் என இரு ஆவணங்கள் இருக்கும். முதலாவது, பணியில் செய்ய வேண்டியவற்றைக் கூறும். இரண்டாவது, எத்தகையவர் தேவை என்பதைக் கூறும். தகுதி விவரத்தில் 'கட்டாயம்', 'விரும்பத்தக்கது' என இரு பகுதிகள் உண்டு. தேர்வுக் குழு பெரும்பாலும் இந்த வரிகளையே அளவுகோலாகக் கொண்டு மதிப்பெண் இடுகிறது. ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும் விண்ணப்பத்தில் ஒரு சான்றாவது இருக்க வேண்டும்.

கல்லூரியின் அண்மை ஆய்வறிக்கையையும் படிப்பது நல்லது. அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், 2019ஆம் ஆண்டுச் சட்டகத்தில் 'நடத்தையும் மனப்பாங்கும்', 'தனிநபர் வளர்ச்சி' ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடத் தொடங்கியது. மாணவர் நலப் பணியில் கல்லூரி எங்கே வலுவாக உள்ளது, எங்கே தடுமாறுகிறது என்பதை இத்தகைய பகுதிகள் காட்டும்.

விண்ணப்பப் படிவம்

பல துறைகளில் தன்விவரக் குறிப்பு ஒன்றே போதும். இங்கு அது மட்டும் ஏற்கப்படுவதில்லை. முழுமையான விண்ணப்பப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். தன்விவரக் குறிப்பில் எழுதுபவர் விரும்பாததை விட்டுவிடலாம் என்பதே காரணம். படிவத்தில் கவனிக்க வேண்டியவை:

- பணி வரலாறு: கல்வியை முடித்தது முதல் தொடர்ச்சியாக எழுத வேண்டும். பிள்ளைப்பேறு, நோய், வேலையின்மை, குடும்பத்தாரைப் பராமரித்தல் என எக்காரணத்தாலும் ஏற்பட்ட இடைவெளியை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். விளக்கப்பட்ட இடைவெளி குறையாகாது. விளக்கப்படாதது நேர்காணலில் கேள்வியாகும்.
- நடுவர்கள்: தற்போதைய பணியமர்த்துநரும் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். விண்ணப்பதாரரே வாங்கி வைத்திருக்கும் பொதுவான நற்சான்றுக் கடிதம் ஏற்கப்படாது. கல்லூரி நேரடியாகக் கேட்டுப் பெறும். இயன்றவரை நேர்காணலுக்கு முன்பே பெறும். ஆகவே தற்போதைய மேலாளரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.
- குற்றப் பதிவு: முதற்பட்டியலில் இடம்பெற்ற பின் தன்னறிவிப்புப் படிவம் அனுப்பப்படும். சட்டப்படி வெளியிடத் தேவையற்ற சில பழைய பதிவுகளும் உண்டு. எதை வெளியிட வேண்டும் என்பதை அரசின் வழிகாட்டுதலில் பார்த்து உண்மையாக நிரப்ப வேண்டும்.
- இணையத் தேடல்: முதற்பட்டியலில் இடம்பெற்றவர்களின் பொதுவெளி இணையப் பதிவுகளைக் கல்லூரி தேடிப் பார்க்கக்கூடும் என்ற வழிகாட்டுதல் 2022 முதல் உள்ளது.

ஆதரவு அறிக்கை

'தாங்கள் இப்பணிக்கு ஏன் பொருத்தமானவர்' என்பதை விளக்கும் கடிதமே ஆதரவு அறிக்கையாகும். வழக்கமாக இரண்டு பக்கங்களுக்குள் இது அமையும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் வலுவிழக்கின்றன. பின்வருவது அடிக்கடி காணப்படும் வகையிலான கூற்று:

"மாணவர்கள்மீது எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. எந்தச் சிக்கல் என்றாலும் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்."

இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விண்ணப்பித்த அனைவரும் இதையே எழுதுவர். மேலும், தாமாக வந்து பேசும் மாணவரைக் கவனிப்பது எளிது. வராமலும் பேசாமலும் இருப்பவரைக் கண்டறிவதே தலைமைப் பணி. அதே விண்ணப்பதாரர் பின்வருமாறு எழுதினால் பொருள் வேறாகிறது. இது விளக்கத்துக்காக அமைத்த கற்பனை எடுத்துக்காட்டு:

"அக்டோபர் வருகைப் பதிவில், மூன்று வாரங்களாகத் திங்கள் காலை வகுப்புகளுக்கு வராத 9 மாணவர்கள் இருந்தனர். ஆசிரியர்கள் தத்தம் பாடத்தை மட்டும் பார்த்ததால் இது எவர் கண்ணிலும் படவில்லை. வழிகாட்டி ஆசிரியர்கள் 9 பேரையும் தனித்தனியே சந்தித்தனர். 4 பேர் ஞாயிறு இரவு வேலைக்குச் செல்பவர்கள். 2 பேர் தம்பி தங்கையரைப் பள்ளியில் விட்டு வருபவர்கள். 2 பேர் பாடத்தைத் தவறாகத் தேர்ந்தவர்கள். ஒருவர் மனநலம் குன்றியிருந்தார். நிதியுதவி, அட்டவணை மாற்றம், பாட மாற்றம், மனநல ஆலோசனை என ஒவ்வொருவருக்கும் ஏற்றதைச் செய்தோம். பிப்ரவரியில் 7 பேர் ஒழுங்காக வந்தனர். 2 பேர் படிப்பை விட்டனர். அவர்களில் ஒருவரிடம் நாங்கள் இரண்டு வாரம் தாமதமாகப் பேசினோம். அதன்பின், எந்தப் பாடத்திலாயினும் தொடர்ந்து மூன்று வகுப்புகள் தவறினால் வழிகாட்டி ஆசிரியருக்குத் தகவல் செல்லும் முறையை ஏற்படுத்தினேன்."

இரண்டாம் கூற்றில் அக்கறை என்ற சொல்லே இல்லை. ஆயினும் அக்கறை தெரிகிறது. நிலைமை, செயல், விளைவு ஆகியன முறையே உள்ளன. பிறரை வழிநடத்தியது தெரிகிறது. தோல்வி மறைக்கப்படவில்லை, அதனால் முறை எவ்வாறு மாறியது என்பதும் கூறப்பட்டுள்ளது. தனி ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பாமல், அவர் விடுப்பில் இருக்கும் நாளிலும் இயங்கும் அமைப்பை உருவாக்கத் தெரிந்தவர் என்பதை இது காட்டுகிறது.

அறிக்கையில் மாணவர்களின் பெயரையோ, அடையாளம் தெரியும் விவரங்களையோ எழுதக் கூடாது. விண்ணப்பத்திலேயே இரகசியம் காக்கத் தவறியவரிடம் மாணவரின் இரகசியத்தை ஒப்படைக்கக் குழு தயங்கும்.

நேர்காணல் நாள்

நேர்காணல் பெரும்பாலும் அரை நாளோ முழு நாளோ நீடிக்கும். அதில் பின்வருவன இடம்பெறலாம்:

- மாணவர் குழுவின் கேள்விகள்: மாணவர்களே விண்ணப்பதாரரைப் பேட்டி காண்பர். அவர்களின் கருத்து தேர்வுக் குழுவிடம் அளிக்கப்படும்.
- தரவுப் பயிற்சி: வருகை, மதிப்பெண் அட்டவணையைக் கொடுத்து, முதலில் கவனிக்க வேண்டியது எது எனக் கேட்பர். கல்லூரியின் மொத்த வருகை 93% என்றிருக்க, உதவிநிதி பெறும் மாணவர்களின் வருகை மட்டும் 86% என்று அட்டவணையின் ஒரு மூலையில் இருக்கலாம். சராசரியில் மறைந்திருப்பவர்களைக் காண்பதே இப்பயிற்சியின் நோக்கம்.
- முன்னுரிமைப் பயிற்சி: ஒரே காலையில் வந்த பல செய்திகளை அவசரத்தின்படி வரிசைப்படுத்தச் சொல்வர்.
- வழிகாட்டல் வகுப்பு: ஒரு சிறு குழுவுக்கு வகுப்பு நடத்த வேண்டியிருக்கலாம்.
- முறையான நேர்காணல்: முதல்வர், ஆளுநர் குழு உறுப்பினர் முதலியோர் கேள்வி கேட்பர்.

நேர்காணலில் பாதுகாப்பு பற்றிய கேள்வி தவறாது இடம்பெறும். எடுத்துக்காட்டாக, 17 வயது மாணவி ஒருவர், "வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது, ஆனால் இதை யாரிடமும் சொல்லக் கூடாது" என்று கூறினால் என்ன செய்வீர்கள் எனக் கேட்கலாம். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிப்பது இரக்கமான பதிலாகத் தோன்றினாலும், அது தவறான பதில். அந்த வாக்கை ஊழியரால் காப்பாற்ற இயலாது. காப்பாற்றினால் மாணவி ஆபத்திலேயே இருப்பார். ஏற்கத்தக்க பதிலில் பின்வருவன இருக்கும்: அமைதியாகக் கேட்பது, உதவக்கூடியவர்களிடம் மட்டும் இதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று அவரிடமே நேர்மையாகச் சொல்வது, பதிலைத் திணிக்கும் கேள்விகளைத் தவிர்ப்பது, அவர் கூறிய சொற்களிலேயே பதிவு செய்வது, பாதுகாப்புக்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் அன்றே, தாமதமின்றித் தெரிவிப்பது, அன்று அவர் வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்பது முடிவாகும் முன் அவரை அனுப்பாதிருப்பது. தாமே துப்புத் துலக்குவதும், பெற்றோரை உடனே அழைத்து விசாரிப்பதும் நிலைமையை மோசமாக்கக்கூடும்.

தேர்வுக்குப் பிந்தைய சோதனைகள்

நேர்காணலில் வென்றவருக்கு முதலில் நிபந்தனையுடன் கூடிய பணி வாய்ப்பே அளிக்கப்படும். அடையாளம், பிரிட்டனில் பணியாற்றும் உரிமை, கல்வித் தகுதி, விரிவான டி.பி.எஸ். சான்று, தடைப்பட்டியல், உடல்நலத் தகுதி ஆகியவை சரிபார்க்கப்படும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சில விலக்குகள் தவிர, பணி வாய்ப்பு அளிக்கும் முன் உடல்நலம் பற்றிக் கேட்பதைத் தடுக்கிறது. முடிவுகள் யாவும் கல்லூரியின் மையப் பதிவேட்டில் குறிக்கப்படும்.

வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு டி.பி.எஸ். சான்று மட்டும் போதாது என்பதால், கல்லூரி கூடுதல் சோதனைகளை மேற்கொள்ளும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஆசிரியராக இருந்து பிரிட்டனில் குடியேறியவரிடம் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றைக் கேட்கலாம். அதைப் பெற நாளாகும் என்பதால் முன்னதாகவே விண்ணப்பிப்பது உதவும். மேல்நிலை வகுப்பில் வகுப்பாசிரியராகவோ விடுதிக் காப்பாளராகவோ பெற்ற அனுபவமும் இப்பணிக்குப் பொருந்துவதே. ஆனால் 'வகுப்பாசிரியராக இருந்தேன்' என்று எழுதினால் அங்குள்ளோருக்கு அதன் பொருள் விளங்காது. எத்தனை மாணவர்கள், என்னென்ன முடிவுகள், யாருடன் சேர்ந்து எடுத்தவை என விரித்து எழுத வேண்டும்.

தேர்வாகாத நிலையில்

தேர்வு பெறாதவர்கள் கல்லூரியிடம் கருத்துரை கேட்கலாம். தலைமை அனுபவம் போதவில்லை என்பது ஒரு வழக்கமான குறை. வழிகாட்டல் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்று நடத்துதல், புதிய மாணவர் அறிமுக வாரத்தை ஒருங்கிணைத்தல், பாதுகாப்புத் துணைப் பொறுப்பாளர் பயிற்சி பெறுதல் ஆகியவை அக்குறையை நிரப்பும் வழிகள்.

புதிதாகப் பொறுப்பேற்பவரின் உண்மையான தேர்வு, செப்டம்பரில் அறிமுகமில்லாத மாணவர்கள் வந்து சேரும்போதுதான் தொடங்குகிறது. அவர்களில் எவரும் காணாமல் போனால் எத்தனை நாளில் அது தெரியவரும் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் முதல் காவல்துறைச் சான்று வரை கல்லூரி கேட்கும் ஒவ்வொன்றும் அந்த விடையை நோக்கியதே ஆகும்.